கோனி ஐலண்டுக்கு சப்வேயில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் நகரத்தில், புரூக்ளினின் தென்கோடியில், அட்லாண்டிக் கடலோரமாக இருக்கிறது கோனி ஐலண்ட். நூறு வருடத்துக்கும் மேலாக ராட்டினமும் கடல் குளியலும் தின்பண்டமுமாக ஓடிக்கொண்டிருக்கும் இடம். முதன்முறை போகிறவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெரிய தீம் பார்க்குகள் எத்தனையோ இருக்க, இங்கே எதற்குப் போக வேண்டும்?

ராட்டினம் மட்டும்தான் குறி என்றால் போக வேண்டாம். இதைவிடப் பெரியது, வேகமானது எல்லாம் நியூஜெர்சியிலேயே இருக்கிறது.

கோனி ஐலண்டின் விஷயம் வேறு. 19ஆம் நூற்றாண்டில் இது வசதியுள்ளவர்கள் வந்து தங்கும் கடற்கரை. பெரிய ஹோட்டல்கள், குதிரைப் பந்தயம் என்று இருந்தது. 1920 வாக்கில் சப்வே கடல் வரைக்கும் வந்தது. கட்டணம் வெறும் 5 சென்ட். அத்தோடு எல்லாம் தலைகீழ். தையல் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். கோடை ஞாயிறுகளில் பத்து லட்சம் பேர் கூடினார்கள் என்பது அந்தக் காலத்துச் செய்தி. ரயிலுக்கு ஒரு 5 சென்ட், ஹாட் டாக்குக்கு ஒரு 5 சென்ட், ராட்டினத்துக்கு இன்னொன்று. ஐந்து சென்ட் நாணயத்தின் பெயரை வைத்தே 'நிக்கல் எம்பயர்' என்றார்கள்.

இன்றைக்கும் அந்தக் குணம் போகவில்லை. வாசலில் டிக்கெட் கிடையாது, மணலுக்குக் காசு கிடையாது, கார் நிறுத்தும் தொல்லை கிடையாது. காசில்லாதவன் வந்துபோகவென்றே வளர்ந்த இடம் என்பதால்தான் எனக்கு இது பிடிக்கும். அந்தக் கண்ணோடு போனால் ஏமாற மாட்டீர்கள்.

எந்த ரயிலில் போவது?

டி (D), எஃப் (F), என் (N), கியூ (Q) ஆகிய நான்கு ரயில்களும் அங்கேதான் போய் முடிகின்றன. நிலையத்தின் பெயர் கோனி ஐலண்ட்–ஸ்டில்வெல் அவென்யூ. கடைசி நிறுத்தம் என்பதால் தூங்கிப்போனாலும் கவலையில்லை. மன்ஹாட்டன் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நியூஜெர்சியிலிருந்து வருகிறவர்கள் பென் ஸ்டேஷனில் இறங்கி, 34ஆம் தெருவில் கிழக்கே ஒரு பிளாக் நடந்தால் ஹெரால்டு ஸ்கொயர் நிலையம். நான்கு ரயிலும் அங்கே நிற்கும். எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடலாம் என்பார்கள். நான் கியூவுக்காகக் காத்திருப்பேன்.

கியூவில் அப்படி என்ன?

ஜன்னல். கேனல் ஸ்ட்ரீட் தாண்டியதும் ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து மன்ஹாட்டன் பாலத்தில் ஏறும். கியூ ரயிலும் என் (N) ரயிலும் பாலத்தின் தெற்குப் பக்கத் தண்டவாளத்தில் போகின்றன. புரூக்ளின் நோக்கிப் போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடித்தால் புரூக்ளின் பாலம், அதற்குப் பின்னால் துறைமுகம், வானம் தெளிவாக இருந்தால் விரல் நுனி அளவில் சுதந்திர தேவி சிலை. டி ரயில் அதே பாலத்தின் வடக்குப் பக்கம் போவதால் இந்தக் காட்சி கிடைக்காது.

பிராஸ்பெக்ட் பார்க்குக்குப் பிறகு மீதித் தூரம் முழுக்க வெளிச்சத்தில்தான் பயணம். முதலில் பள்ளத்தில், அப்புறம் வீடுகளின் கொல்லைப்புறத்தைப் பார்த்தபடி மேட்டில், பிரைட்டன் பீச்சிலிருந்து தெருவுக்கு மேலே தூண்களில். கடைசி இரண்டு மூன்று நிறுத்தங்களில் இடது பக்கம் பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே முதலில் கடல், பிறகு ரோலர் கோஸ்டரின் முதுகு, அப்புறம் பெரிய ராட்டினம். பெட்டியில் இருக்கும் குழந்தைகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடும்.

எஃப் ரயில் கொஞ்சம் சுற்று. ஆனால் அதில் வரும் ஸ்மித்–நைன்த் ஸ்ட்ரீட்ஸ் நிலையம் கோவானஸ் கால்வாய்க்கு மேலே 87 அடிக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறது. ரயில் பைத்தியம் உள்ளவர்கள் ஒருமுறை அதிலும் போகலாம்.

கட்டணம் எவ்வளவு? குழந்தைகளுக்கு?

2026 ஜனவரியிலிருந்து ஒரு பயணத்துக்கு 3 டாலர். ஒரு நிறுத்தம் போனாலும் அதே 3, நகரத்தின் கடைசி வரைக்கும் போனாலும் அதே 3. பழைய மெட்ரோகார்டு விற்பனை 2025 கடைசியோடு நின்றுவிட்டது. இப்போது வங்கிக் கார்டையோ போனையோ நேராகத் தட்டலாம். இந்திய வங்கிக் கார்டு என்றால் அன்னியச் செலாவணிக் கட்டணம் கூடச் சேரும். அதைவிட நிலையத்து மெஷினில் ஓம்னி கார்டு வாங்கிப் பணம் போட்டுக்கொள்வது நல்லது. 44 அங்குலத்துக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு, பெரியவரோடு வந்தால், காசு இல்லை.

எந்த மாதம், எந்தக் கிழமை?

ராட்டினங்கள் வசந்தத்தில், ஈஸ்டரை ஒட்டித் திறக்கும். மே கடைசி வரை பெரும்பாலும் வார இறுதி மட்டும். மே கடைசி திங்கள் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பர் முதல் திங்கள் வரும் லேபர் டே வரை தினமும். அப்புறம் அக்டோபர் முடிய மறுபடியும் வார இறுதிகள். குளிர்காலத்தில் கடலும் காற்றும் மட்டும்தான் இருக்கும். அதையும் விரும்பிப் போகிறவர்கள் உண்டு. போலார் பேர் கிளப் என்று 1903இல் தொடங்கிய சங்கம் ஒன்று புத்தாண்டு அன்று அந்தக் குளிரிலும் கடலில் இறங்கும்.

என் பரிந்துரை: ஜூன் அல்லது செப்டம்பரில் ஒரு வாரநாள், மதியத்துக்குப் பிறகு கிளம்பி இரவு திரும்புவது. ஜூலை 4 அன்று நேத்தன்ஸ் கடை வாசலில் ஹாட் டாக் தின்னும் போட்டி நடக்கும். ஜூனில் ஒரு சனிக்கிழமை கடற்கன்னி ஊர்வலம். இரண்டு நாளும் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டம் பிடிக்கும் என்றால் அவைதான் உங்கள் நாட்கள்.

வார இறுதியில் ரயில் பாதை வேலை நடப்பது வழக்கம். கிளம்பும் முன் சப்வேயை நடத்தும் எம்.டி.ஏ நிறுவனத்தின் தளத்தையோ செயலியையோ ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லா ராட்டினத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கலாமா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு பெரிய பார்க்குகளுக்கும் முதலாளி வேறு. லூனா பார்க் ஒன்று. சைக்ளோன், தண்டர்போல்ட் என்ற ரோலர் கோஸ்டர்கள் இரண்டும் அதில் சேரும். டீனோஸ் ஒண்டர் வீல் பார்க் இன்னொன்று. இங்கே வாங்கிய டிக்கெட் அங்கே செல்லாது. உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க எங்கும் காசு கேட்க மாட்டார்கள். ஏறினால்தான் காசு.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் லூனா பார்க்கின் நாள் முழுவதுக்குமான கைப்பட்டை கட்டுப்படியாகும். மற்றவர்கள் ஒண்டர் வீலுக்கு ஒன்று, சைக்ளோனுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கினால் போதும். மற்ற ராட்டினங்கள் எந்த ஊர்ப் பொருட்காட்சியிலும் இருப்பவைதான்.

சைக்ளோன் ரொம்பப் பயமாக இருக்குமா?

இருக்கும். ஆனால் நவீன ரோலர் கோஸ்டரின் பயம் அல்ல. 1927 ஜூன் 26 அன்று திறந்தது. இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தடம். மூன்று பெட்டி, மொத்தம் 24 பேர். முதல் ஏற்றத்தில் கீழே சங்கிலி 'டக் டக் டக்' என்று இழுக்கும். உச்சியில் ஒரு நொடி கடல் முழுக்கத் தெரியும். அப்புறம் 85 அடிப் பள்ளம், ஏறக்குறைய 60 டிகிரி சரிவு, மணிக்கு 60 மைல் வேகம். பயம் உயரத்தால் வருவதில்லை. திருப்பங்களில் பெட்டி குலுங்குவதும், மரம் முனகுவதும், மேலே வரும் உத்தரம் தலையில் இடிக்கப்போவது போல் தோன்றுவதும்தான் ஆளைக் கலக்கும். திரும்பி வரும்போது ஊழியர் ஆளுயர நெம்புகோலைக் கையால் இழுத்து வண்டியை நிறுத்துவார். அதை நின்று பார்ப்பதற்குக் காசில்லை.

54 அங்குல உயரம் வேண்டும். கழுத்து, முதுகு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். உண்மையாகவே தூக்கிப் போடும். பின் வரிசை இன்னும் மோசம். அதாவது, வேண்டுமென்றே போகிறவர்களுக்கு இன்னும் நல்லது.

ஒண்டர் வீல் வெறும் ஜயன்ட் வீல்தானே? அம்மா அப்பா ஏறலாமா?

ஏறலாம். ஆனால் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று பார்த்து நிற்க வேண்டும். 1920இல் ஓடத் தொடங்கிய இந்தச் சக்கரத்தின் உயரம் 150 அடி, பெட்டிகள் 24. அவற்றில் 8 மட்டும் விளிம்பில் நிலையாகத் தொங்குபவை, வெள்ளை நிறம். மீதி 16, சிவப்பும் நீலமும், ஆடும் பெட்டிகள். சக்கரத்துக்குள் வளைந்த தண்டவாளங்கள் இருக்கின்றன. சக்கரம் சுற்றச் சுற்ற இந்தப் பெட்டிகள் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே அந்தத் தடத்தில் வழுக்கும். வழுக்கி முட்டி நின்று, முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி வீசும். எப்போது வழுக்கும் என்று தெரியாது என்பதுதான் விசேஷம். ஜயன்ட் வீல்தானே என்று ஏறி, உள்ளே கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

பெரியவர்களுக்கு வெள்ளைப் பெட்டி. வரிசை தனி என்பதால் நிற்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாயும் நேரத்தில் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் மன்ஹாட்டன்.

1983இல் இதை வாங்கிய டீனோஸ் வோர்டெரிஸ் அங்கே தின்பண்டக் கடை நடத்திய கிரேக்கக் குடியேறி. அந்தக் குடும்பம்தான் இன்றும் நடத்துகிறது.

சிவப்பாக ஒரு இரும்புக் கோபுரம் தெரிகிறதே, அது என்ன?

பாராசூட் ஜம்ப். குயின்ஸில் 1939இல் நடந்த உலகப் பொருட்காட்சிக்குக் கட்டி, 1941இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுமார் 250 அடி உயரம். ஆட்களை இருக்கையில் உட்காரவைத்து உச்சிக்கு இழுத்து, பாராசூட்டோடு கீழே விடுவார்கள். 1960களிலேயே நின்றுபோயிற்று. இப்போது இரவில் விளக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

பழைய பார்க்குகள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இல்லை. ஆனால் அவை இருந்த இடங்களை நடந்தே பார்த்துவிடலாம்.

ஜார்ஜ் டில்யூ 1897இல் தொடங்கிய ஸ்டீபிள்சேஸ் இருந்த இடத்தில் இப்போது பேஸ்பால் மைதானம். 1907இல் அது தீப்பிடித்து எரிந்ததும், மனிதர் மறுநாள் பலகை வைத்து, எரிந்த இடத்தைப் பார்க்க 10 சென்ட் வசூலித்தார். திரும்பவும் கட்டி, 1964 வரை ஓடியது. அடுத்த வருடம் அதை வாங்கியவர் ஃபிரெட் டிரம்ப், டொனால்டு டிரம்ப்பின் தந்தை. அடுக்குமாடி கட்டும் எண்ணத்தில் 1966இல் இடித்தார். அடுக்குமாடி வரவே இல்லை.

பழைய லூனா பார்க் 1903இல், இரண்டரை லட்சம் மின்விளக்குகளோடு சர்ஃப் அவென்யூவின் வடக்கே திறந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாத ஜனங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே வந்தார்கள். 1944 தீயில் போயிற்று. அங்கே இப்போது குடியிருப்பு. 2010இல் வந்த இன்றைய லூனா பார்க் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது.

டிரீம்லேண்டுக்கு ஆயுசு ஏழு வருடம். 1904இல் திறந்து 1911 மே மாதம், சீசன் தொடங்கவிருந்த விடிகாலையில் எரிந்தது. 'நரக வாசல்' என்ற படகுச் சவாரியில் ஒழுகலை அடைக்கத் தார் காய்ச்சியபோது பற்றிய தீ. அந்தப் பக்கம்தான் இப்போது நியூயார்க் அக்குவேரியம் இருக்கிறது.

குறைமாதக் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்தார்கள் என்பது நிஜமா?

நிஜம். கேட்கும்போது கோபம் வரும், முழுக்கதை தெரிந்தால் கோபம் யார் மேல் என்பது மாறும். மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை இங்கே இன்குபேட்டர்களில் குறைமாதக் குழந்தைகளை வைத்து, பார்க்க வருகிறவர்களிடம் 25 சென்ட் வாங்கினார். அன்றைய மருத்துவமனைகள் பலவற்றில் இந்தக் கருவியே கிடையாது. பிழைக்காது என்று கைவிட்ட குழந்தைகள்தான் அவரிடம் வந்தன. பெற்றோரிடம் அவர் ஒரு பைசா வாங்கவில்லை. செவிலியர் சம்பளம், பால், சுத்தமான துணி எல்லாம் அந்த 25 சென்ட்டில் நடந்தது. சுமார் 6,500 குழந்தைகள் பிழைத்ததாகக் கணக்குச் சொல்வார்கள். அவர் முறைப்படி மருத்துவம் படித்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது இன்னொரு விசித்திரம். டிரீம்லேண்ட் எரிந்த இரவில் அங்கிருந்த குழந்தைகள் எல்லோரையும் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். நகரத்து மருத்துவமனையிலேயே குறைமாதக் குழந்தைப் பிரிவு வந்ததும் கடையை மூடினார்.

எடிசன் ஒரு யானையை மின்சாரம் வைத்துக் கொன்றது இங்கேதானா?

இடம் சரி, ஆள் தப்பு. டாப்ஸி என்ற ஆசிய யானை. சர்க்கஸில் இருந்தபோது, தும்பிக்கை நுனியில் சுருட்டால் சுட்ட ஒருவரை மிதித்துக் கொன்றது. கடைசியில் லூனா பார்க் கட்டுமான வேலைக்கு வந்து சேர்ந்தது. வைத்துக்கொள்ள முடியாது என்று முதலாளிகள் முடிவு செய்து, டிக்கெட் போட்டுத் தூக்கிலிடவே திட்டமிட்டார்கள். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் எதிர்த்ததால் 1903 ஜனவரி 4 அன்று நஞ்சு, மின்சாரம், கழுத்தில் கயிறு மூன்றையும் வைத்துக் கொன்றார்கள். எடிசன் பெயரில் இருந்த நிறுவனம் அதைப் படம் பிடித்தது. அதனால் பழி அவர் மேல் வந்தது. எந்த வகை மின்சாரம் நல்லது என்று அவர் போட்ட போட்டி எல்லாம் அதற்குப் பத்து வருடம் முன்பே முடிந்துபோன விவகாரம். அந்தப் படம் இணையத்தில் கிடைக்கிறது. பார்க்காமல் இருப்பதே நல்லது.

சாப்பாடு? மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

நிலையத்துக்கு எதிரிலேயே நேத்தன்ஸ். போலந்திலிருந்து வந்த நேத்தன் ஹேண்ட்வெர்க்கர் 1916இல் தொடங்கினார். தான் முன்பு வேலை பார்த்த ஃபெல்ட்மன்ஸ் உணவகத்தில் 10 சென்ட்டுக்கு விற்ற ஹாட் டாக்கை 5 சென்ட்டுக்குக் கொடுத்து கூட்டத்தை இழுத்தார். அந்த ஹாட் டாக் முழுக்க மாட்டிறைச்சி. தெரியாமல் வாங்கிவிட வேண்டாம். நெளிநெளியாக வெட்டிய உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக இருக்கும். எதனோடு பொரிக்கிறார்கள் என்பது முக்கியம் என்றால் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கு நல்ல வழி பிரைட்டன் பீச். கடலோரப் பலகை நடைபாதையில் கிழக்கே அரை மணி நேரம் நடந்தால் கடைப் பலகைகள் எல்லாம் ரஷ்ய எழுத்துக்கு மாறிவிடும். சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பகுதி. உருளைக்கிழங்கு வைத்த வரேனிகி கொழுக்கட்டை, ஜார்ஜியாக்காரர்களின் பாலாடைக்கட்டி ரொட்டியான கச்சாபூரி, இரண்டுமே வயிறு நிறையும். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கடற்பறவைகள்தான் தொல்லை. டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்காதீர்கள்.

கடலில் குளிக்கலாமா?

மெமோரியல் டே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை, காலை 10 முதல் மாலை 6 வரை காவலர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும். மற்ற நேரத்தில் இறங்குவது தடை, காரணத்தோடுதான். ஜூனில் தண்ணீர் பல் கிட்டும் அளவுக்குக் குளிரும். ஆகஸ்டில் சுகம். கழிப்பறைகள் நடைபாதை ஓரத்தில் இலவசமாக உண்டு.

இந்த மணலுக்கும் ஒரு கதை. முன்பு கடற்கரையின் பெரும்பகுதி தனியார் குளியல் விடுதிகளின் வேலிக்குள் இருந்தது. நகராட்சி அதைத் தன் கைக்குக் கொண்டுவந்து, கடலிலிருந்து மணலை வாரிக் கொட்டி அகலமாக்கி, 1923இல் பலகை நடைபாதையைத் திறந்த பிறகுதான் எல்லோரும் தண்ணீரைத் தொட முடிந்தது.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள், சக்கர நாற்காலி?

ஸ்டில்வெல் அவென்யூ நிலையத்தில் சக்கர நாற்காலியோடு இறங்கலாம். அதற்கு முந்தைய வெஸ்ட் எய்த் ஸ்ட்ரீட்டில் முடியாது. கிளம்பும் நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் பெரும்பாலும் காலை வாரும். நிலையத்திலிருந்து நடைபாதைக்கு ஐந்து நிமிடம். பெஞ்சுகள் நிறைய. கடலைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அங்கே பெரும்பான்மை.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது?

கோடை வெள்ளிக்கிழமைகளில் இரவு வாணவேடிக்கை இருக்கும். அது முடிந்ததும் கூட்டம் மொத்தமும் ரயிலுக்கு வரும். அவசரப்பட்டு அடுத்த நிலையத்துக்கு நடக்காதீர்கள். ரயில் காலியாகக் கிளம்புவது ஸ்டில்வெல்லிலிருந்துதான், இங்கே ஏறினால்தான் உட்கார இடம்.

திரும்பவும் கியூ என்றால் வலது பக்கம் உட்காருங்கள். டிகால்ப் அவென்யூ நிலையத்தை விட்டு ரயில் நகர்ந்ததும், சுரங்கத்தில் கைவிடப்பட்ட மர்ட்டில் அவென்யூ நிலையம் வரும். அதன் சுவரில் பில் பிராண்ட் என்ற கலைஞர் 1980இல் 228 ஓவியப் பலகைகளை வைத்து, முன்னால் மெல்லிய இடைவெளிகள் விட்ட தடுப்பும் கட்டியிருக்கிறார். ரயில் ஓட ஓட, ஓவியங்கள் கார்ட்டூன் படம் போல அசையும். சில நொடிதான். போனைக் கீழே வையுங்கள். டி, என் ரயில்களில் இது கிடையாது.